வெயில் வரைந்த ரோம்

உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்களில் தொங்கும் கிறிஸ்தவ ஓவியங்களில் பெரும்பாலானவை ஊர்விட்டு ஊர் வந்தவை. ஏதோ ஓர் ஆலயத்தின் பலிபீடத்துக்கென்று வரைந்ததைக் கழற்றி, விற்று, வாங்கி, சில சமயம் போரில் கவர்ந்து கொண்டுவந்து, வெள்ளைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். மேலே ஒரு மின்விளக்கு, பக்கத்தில் ஒரு பெயர்ப்பலகை.

ரோம் நகரத்துக் கதை வேறு. கரவாஜியோ எந்தச் சுவருக்காக வரைந்தாரோ அந்தச் சுவரிலேயே அவருடைய ஓவியம் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. பக்கத்திலிருக்கும் ஜன்னலும் அதே இடத்தில்தான். அந்த ஜன்னலிலிருந்து வெளிச்சம் எந்தப் பக்கமாக விழும் என்று கணக்குப் போட்ட பிறகே அவர் வண்ணம் தொட்டார். மைக்கேலாஞ்சலோ, பெர்னினி, பொஸ்ஸோ என்று இந்த நகரத்தில் வேலை செய்த பெருங்கலைஞர்கள் பலரும் பளிங்கையும் வண்ணத்தையும் போலவே வெயிலையும் ஒரு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டவர்கள்.

ஒரே நாளில் ரோமைக் காட்டிவிடும் சுற்றுலாக்களில் கொலோசியம், திரேவி நீரூற்று, வாட்டிகன், கடைத்தெரு என்று எல்லாம் இருக்கும். எதையும் நின்று பார்க்க நேரம் இருக்காது. அதே ஒரு நாளை ஆலயங்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன கிடைக்கும்? வாட்டிகனில் தொடங்கி ஜெசு ஆலயத்தில் முடியும் இந்தப் பாதையை முழுக்க நடந்தே கடக்கலாம். வாட்டிகன் அருங்காட்சியகமும் பாந்தியனும் தவிர எங்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. நேரத்தை மட்டும் சூரியனைப் பார்த்து வகுத்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கு பார்த்த முகப்பு

புனித பேதுரு பேராலயத்தின் கதவு காலை ஏழு மணிக்குத் திறக்கும். அதற்குச் சற்று முன்பே சதுக்கத்துக்குப் போய்விடுவது நல்லது. முகப்பு கிழக்கு பார்த்திருப்பதால் காலை வெயில் நேராக அதன் நெற்றியில் விழும். பாதுகாப்புச் சோதனை வரிசையும் அப்போதுதான் குறைவு. புதன்கிழமை காலையில் திருத்தந்தை மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சி நடக்கும் என்பதால் அன்று மட்டும் இந்தத் திட்டம் பலிக்காது.

சதுக்கத்தை 1656 முதல் 1667 வரை அமைத்தவர் பெர்னினி. இரண்டு பக்கமும் வளைந்து போகும் மண்டபங்களில் நான்கு வரிசையாக 284 தூண்கள், அவற்றின் மேல் 140 புனிதர் சிலைகள். தூண்களின் அழகைப் பார்க்க ஓர் இடம் உண்டு. நீரூற்றுக்கும் நடுவிலிருக்கும் கல்தூணுக்கும் இடையே தரையில் வட்டமாக ஒரு கல் பதித்திருக்கிறது. அதன்மேல் நின்று பார்த்தால் நான்கு வரிசையும் ஒன்றன்பின் ஒன்று மறைந்து, ஒற்றை வரிசைத் தூண்களாகத் தெரியும். ஓரடி நகர்ந்தால் போதும், காடுபோல் விரிந்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கல்லை மிதித்துக்கொண்டு போகிறவர்களே அதிகம்.

நடுவிலிருக்கும் கல்தூண் எகிப்திலிருந்து பேரரசர் கலிகுலா காலத்தில் வந்தது. 25 மீட்டர் உயரம், ஒற்றைக் கல். பழைய பேராலயத்தின் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்ததை 1586-ல் இந்த இடத்துக்கு நகர்த்தினார் தொமேனிக்கோ ஃபோந்தானா என்ற பொறியாளர். 900 ஆட்களும் 140 குதிரைகளும் அந்த வேலையில் இறங்கியிருந்தார்கள். படுக்க வைத்து, இழுத்து, மறுபடி நிமிர்த்தி நிறுத்த அந்தக் கோடை முழுக்கப் பிடித்தது.

இந்தச் சதுக்கத்தில் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டிய தேதி ஒன்று இருக்கிறது: 2022 மே 15. கன்னியாகுமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, 1752-ல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையை, அன்று இங்கே நடந்த திருப்பலியில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். குருத்துவப் பட்டமோ துறவற உடையோ இல்லாத பொதுநிலையினர் ஒருவர் இந்தியாவிலிருந்து புனிதர் வரிசையில் சேர்ந்தது அதுவே முதல்முறை.

பளிங்கில் ஒரு மடி

உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் முதல் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோவின் ‘பியத்தா’. சிலுவையிலிருந்து இறக்கிய மகனின் உடலை மடியில் கிடத்தியிருக்கும் தாய். ரோமில் இருந்த ஒரு பிரெஞ்சுக் கர்தினால் 1498-ல் கேட்டுக்கொண்டபடி, கராராவிலிருந்து வந்த ஒரே பளிங்கில் செதுக்கியது. முடிக்கும்போது சிற்பிக்கு வயது இருபத்துநான்கு.

முகங்களைவிட மடியைக் கவனிப்பது இங்கே அதிகம் சொல்லிக்கொடுக்கும். வளர்ந்த ஆணின் உடலை ஒரு பெண்ணின் மடியில் படுக்க வைத்தால் கால்கள் தரையைத் தொடும், தலை வெளியே தொங்கும், பார்க்கவே ஒவ்வாது. அதைத் தவிர்க்க மைக்கேலாஞ்சலோ மரியாளின் முழங்கால்களை அகலமாக விரித்து, அதன்மேல் மடிப்பு மடிப்பாகத் துணியைக் குவித்திருக்கிறார். மரியாள் எழுந்து நின்றால் மகனைவிட மிக உயரமாக இருப்பார். உட்கார்ந்திருப்பதாலும் துணியின் மடிப்புகளாலும் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. மகனின் அக்குளில் நுழைந்து தாங்கும் வலக்கை விரல்களுக்கு இடையே தசை பிதுங்குகிறது. இடக்கை மட்டும் காலியாக, உள்ளங்கை மேல்நோக்கித் திறந்திருக்கிறது. மார்பின் குறுக்கே ஓடும் பட்டையில் சிற்பியின் பெயர். அவர் பெயர் பொறித்த ஒரே படைப்பு இதுதான்.

ரோமின் பெரும்படைப்புகள் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன என்பதற்கு இது விதிவிலக்கு. பழைய பேராலயத்தை ஒட்டியிருந்த ஒரு சிற்றாலயத்துக்காகச் செய்த சிலை இது. புதிய பேராலயம் எழும்பியபோது அந்தச் சிற்றாலயம் இடிபட்டது. இப்போதுள்ள இடத்துக்குச் சிலை வந்தது 1749-ல். 1972 மே 21 அன்று ஒருவர் சுத்தியலோடு தாவி ஏறி, மரியாளின் இடக்கையை முழங்கையோடு உடைத்தார். மூக்கும் கண்ணிமையும் சிதைந்தன. சிதறிய துண்டுகளைச் சேர்த்து ஒட்டிச் சீராக்கினார்கள். அன்று முதல் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னால்தான் தாயும் மகனும் இருக்கிறார்கள். பீடத்தின் உயரமும் கண்ணாடியின் தூரமும் சேர்ந்து, பின்னால் சாய்ந்திருக்கும் கிறிஸ்துவின் முகத்தைக் கிட்டத்தட்ட மறைத்துவிடுகின்றன. சிற்றாலயத்தின் ஓரம் வரை போய், பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கொஞ்சம் கிடைக்கும்.

பேராலயத்தின் அளவு முதலில் பிடிபடாது. எல்லாமே ஒன்றுக்கொன்று பொருத்தமாகப் பெரியவை என்பதுதான் காரணம். குவிமாடத்தின் அடியைச் சுற்றி ஓடும் லத்தீன் எழுத்து ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் ஆள் உயரத்துக்கு நெருங்கி நிற்கும் என்று சொன்னால்தான் உறைக்கும். நடுக்கூடத் தரையில் உலகின் மற்றப் பெரிய ஆலயங்களின் நீளத்தை வெண்கல எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். பழைய பேராலயத்தை இடித்துவிட்டு இதற்கு அடிக்கல் நாட்டியது 1506-ல், நேர்ந்தளித்தது 1626-ல். இடையில் 120 ஆண்டுகள். பிரமாந்தே தொடங்கினார், ரஃபேல் தொடர்ந்தார், எழுபது வயதைத் தாண்டிய பிறகு மைக்கேலாஞ்சலோ பொறுப்பேற்றார். குவிமாடத்தின் வடிவம் அவருடையது. 1564-ல் அவர் இறந்தபோது அது இன்னும் எழும்பவில்லை, 1590-ல்தான் முடிந்தது.

அந்தக் குவிமாடத்தின் கழுத்தில் 16 ஜன்னல்கள். காலை வெயில் அவற்றின் வழியே சாய்வாக இறங்கும்போது, தூசியும் தூபப் புகையும் கலந்த காற்றில் கற்றைகள் துல்லியமாகத் தெரியும். அதன் நேர்கீழே பெர்னினியின் வெண்கல விதானம், 29 மீட்டர் உயரம். கடைக்கோடியில் புனித பேதுருவின் அரியணைக்கு மேல், புறா பறக்கும் மஞ்சள் நீள்வட்ட ஜன்னல். அது மேற்குச் சுவரில் இருப்பதால் காலையில் அடங்கிக் கிடக்கும், பிற்பகலில்தான் பொன்னாகப் பற்றிக்கொள்ளும். இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க வழியில்லை.

சுவர்களில் இருக்கும் பெரிய பலிபீடப் படங்களைத் துணியில் வரைந்தவை என்று எண்ணிக் கடந்துபோகிறவர்கள் உண்டு. கிட்டே போய்ப் பார்த்தால் ஏறத்தாழ அத்தனையும் வண்ணக் கண்ணாடிச் சில்லுகள் பதித்தவை என்று தெரியும். ஈரக் காற்று ஓவியங்களைக் கெடுத்ததால் ஒவ்வொன்றாக மாற்றினார்கள். அந்தச் சில்லு வேலைக்கான கூடம் வாட்டிகனில் இன்றும் இயங்குகிறது. வெளியே வரும் வழியில் புனித பேதுருவின் வெண்கலச் சிலை. நூற்றாண்டுகளாகத் திருப்பயணிகள் தொட்டும் முத்தமிட்டும் வலக்கால் விரல்கள் தேய்ந்து, பாதம் ஒரே வழுவழுப்பாகிவிட்டது.

நிமிர்ந்த கழுத்துகள்

வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கு மதிலைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுவது கட்டாயம் என்றே சொல்லலாம். ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வரும் இடம். ஞாயிறன்று, மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர, விடுமுறை. எல்லாக் கூடங்களையும் பார்க்க ஆசைப்படுவது வீண். லாவோகூன் சிற்பத்தையும் ரஃபேலின் அறைகளையும் மட்டும் பார்த்துவிட்டு நேராகச் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குப் போகலாம். ரோமின் ஒரு திராட்சைத் தோட்டத்தில் 1506 ஜனவரியில் மண்ணுக்கடியிலிருந்து லாவோகூன் வெளிப்பட்டபோது, ஓடிப்போய்ப் பார்த்தவர்களில் மைக்கேலாஞ்சலோவும் ஒருவர். பாம்புகளில் சிக்கி முறுகும் அந்த உடல்களைப் பார்த்துவிட்டு சிஸ்டைன் கூரையில் முறுகும் இளைஞர்களைப் பார்த்தால், யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்காது.

சிஸ்டைன் சிற்றாலயம் சுமார் 41 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம். திருத்தந்தையைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்கள் கூடுவது இங்கேதான். 2025 மே மாதம் 133 கர்தினால்கள் இந்தக் கூரையின் கீழ் வாக்களித்துப் பதினான்காம் லியோவைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்ற நாட்களில் இது உலகின் மிக நெரிசலான கூடங்களில் ஒன்று. பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்று காவலர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்தத் தடையால் ஒரு நன்மை உண்டு: கைபேசி கீழே போய்விடுவதால் எல்லோர் கழுத்தும் நிமிர்கிறது. சுவரோரமாகப் பெஞ்சுகள் இருக்கின்றன. இடம் கிடைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் கழுத்து இற்றுப்போகும்.

1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ வரைந்த கூரை இது. மல்லாந்து படுத்து வரைந்தார் என்பது திரைப்படம் பரப்பிய கதை. சாரத்தின்மேல் நின்று, தலையைப் பின்னால் சாய்த்து வரைந்தார். வண்ணம் முகத்தில் சொட்டியதையும் முதுகு வளைந்துபோனதையும் அவரே ஒரு கவிதையில் புலம்பி எழுதியிருக்கிறார்.

ஈரச் சாந்தில் வரையும் முறையில் ஓவியருக்குக் கெடு வைப்பது சுவர்தான். அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்கு மட்டும் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். அது காய்வதற்குள் வண்ணம் ஏற வேண்டும். காயும்போது வண்ணம் சாந்தோடு சேர்ந்து கல்லாகிவிடும். தவறினால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். ஒவ்வொரு நாளின் பூச்சும் அடுத்த நாளின் பூச்சோடு சேரும் இடத்தில் மெல்லிய தையல்போல் ஒரு கோடு விழும். அதை எண்ணித்தான் எந்தப் பகுதிக்கு எத்தனை நாள் பிடித்தது என்று கண்டுபிடித்தார்கள். தொடக்கத்தில் வரைந்த பெருவெள்ளக் காட்சியில் சின்னச் சின்ன உருவங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. கீழிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது. போகப் போக உருவங்கள் பெரிதாகி, எண்ணிக்கை குறைந்து, கை வேகம் பிடிக்கிறது. பலிபீடத்துக்கு நேர்மேலே, இறைவன் ஒளியையும் இருளையும் பிரிக்கும் காட்சியை ஒரே நாளில் முடித்திருக்கிறார்.

கால் நூற்றாண்டு கழித்து, பலிபீடச் சுவரில் ‘இறுதித் தீர்ப்பு’ வரைய 1536-ல் மறுபடி வந்தார். சுவர் முழுவதும் வேண்டும் என்பதற்காக அங்கிருந்த இரண்டு ஜன்னல்களை அடைத்தார். கூரைப் பணியின்போது அதே சுவரின் உச்சியில் தானே வரைந்திருந்த பகுதிகளையும் அழித்தார். சுவரின் மேற்பகுதி லேசாக முன்னால் சாயும்படி செங்கல் வைத்துக் கட்டச் சொன்னார். தூசி படியாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அப்படியும் மெழுகுவத்திப் புகை நானூறு ஆண்டுகளில் எல்லாவற்றையும் பழுப்பாக்கிவிட்டது. 1980-ல் தொடங்கி 1994 வரை நடந்த துப்புரவுக்கு ஜப்பானின் நிப்பான் தொலைக்காட்சி செலவு செய்தது. புகைக்கரி நீங்கியதும் உள்ளிருந்து இளஞ்சிவப்பும் எலுமிச்சைப் பச்சையும் செம்மஞ்சளும் வெளிப்பட்டன. இருண்ட ஓவியராகவே மைக்கேலாஞ்சலோவை அறிந்திருந்த அறிஞர்கள் சிலர், துடைக்கக் கூடாத பூச்சையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டார்கள். ஆனால் அண்ணாந்து பார்க்கிற கண்ணுக்கு, 20 மீட்டர் உயரத்தில் நிற்கும் உருவங்கள் தெரிய அத்தனை வண்ணம் வேண்டியிருக்கிறது.

மழை பெய்யும் ஆலயம்

நண்பகலில் ரோமின் பெரும்பாலான ஆலயங்கள் கதவைச் சாத்திவிடும். மூன்று அல்லது நான்கு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். அந்த நேரத்தில் திறந்திருக்கும் பாந்தியனுக்கு வெயிலும் அப்போதுதான் சரியாக அமையும்.

வழியில் நவோனா சதுக்கம் வரும். அங்கே பெர்னினி 1651-ல் முடித்த நான்கு ஆறுகளின் நீரூற்றில், துடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் தாடிக்காரர் கங்கை. நைல், டான்யூப், ரியோ டி லா பிளாட்டா மூன்றும் மற்றப் பக்கங்களில். நைலின் தலையில் துணி போர்த்தியிருக்கும். அதன் பிறப்பிடம் அன்று ஐரோப்பியர்களுக்குத் தெரியாது. தெருவோரக் குழாய்களில் ஓயாமல் ஓடும் தண்ணீர் குடிக்கத் தகுந்தது, குளிர்ச்சியானது. பாட்டிலை நிரப்பிக்கொண்டு நடக்கலாம்.

பாந்தியனைக் கட்டியவர் பேரரசர் ஹாட்ரியன், கி.பி. 125 வாக்கில். முகப்பில் அக்ரிப்பாவின் பெயர் இருப்பது, அதற்கு முன் அங்கிருந்து எரிந்துபோன கோயிலைக் கட்டியவருக்குக் கொடுத்த மரியாதை. குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரையிலான உயரமும் அதுவே. உள்ளே ஒரு முழு உருண்டையை வைத்தால் கச்சிதமாக உட்காரும். இரும்புக் கம்பி இல்லாமல் வெறும் கான்கிரீட்டில் கட்டிய குவிமாடங்களில், ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் கழித்தும், உலகிலேயே பெரியது இதுதான். கீழே கனமான கல்லும் மேலே போகப் போக இலேசான கல்லும் கலந்து, உச்சியில் நுரைபோன்ற எரிமலைக் கல்லைச் சேர்த்தார்கள். அடியில் 6 மீட்டர் தடிமனாக இருக்கும் சுவர், உச்சியில் ஒன்றே கால் மீட்டருக்குக் குறைந்துவிடுகிறது.

உச்சியில் ஏறக்குறைய 9 மீட்டர் அகலத்தில் ஒரு வட்டத் திறப்பு. கட்டடத்துக்குள் வெளிச்சம் வர அதையும் வாசலையும் விட்டால் வேறு வழி கிடையாது. கண்ணாடி, மூடி எதுவும் இல்லை. மழை பெய்தால் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் விழுவது போல உள்ளேதான் விழும். தரை நடுவில் மேடிட்டு ஓரம் நோக்கிச் சரிவதோடு, தண்ணீர் வடிய 22 துளைகளும் இருக்கின்றன. ரோமில் கோடைகாலக் கடிகாரப்படி ஒரு மணிக்குச் சற்றுப் பிறகுதான் சூரியன் உச்சிக்கு வரும். அப்போது வெயில் வட்டமாகத் தரையில் இறங்கி, பளிங்கின் மேல் மெதுவாக ஊர்ந்து போகும். குளிர்காலத்தில் அந்த வட்டம் தரைக்கே வராது, குவிமாடத்தின் உட்புறத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஏப்ரல் 21, ரோம் நகரம் பிறந்ததாகக் கொண்டாடும் நாள். அன்று உச்சிப் பொழுதில் அது சரியாக வாசலில் வந்து நிற்கும்.

609-ஆம் ஆண்டு இந்தக் கோயில் மாதாவுக்கும் மறைசாட்சிகளுக்கும் உரிய ஆலயமானது. ரோமின் பழைய கட்டடங்களைக் கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டுபோன காலத்தில் இது தப்பித்ததற்கு முக்கியக் காரணம் அந்த மாற்றம். ரஃபேலின் கல்லறை இங்கேதான். தூய ஆவி ஞாயிறன்று தீயணைப்பு வீரர்கள் குவிமாடத்தின் மேலேறி, திறப்பின் வழியாகச் சிவப்பு ரோஜா இதழ்களைக் கொட்டுவார்கள். சுற்றுலாப் பயணிகளிடம் 2023 ஜூலை முதல் கட்டணம் வாங்குகிறார்கள். வழிபாட்டுக்கு வருகிறவர்களுக்கு அது கிடையாது.

வரி வசூலிப்பவரின் மேசை

பாந்தியனிலிருந்து சில நிமிட நடையில் பிரெஞ்சுக்காரர்களின் புனித லூயி ஆலயம். பிற்பகல் இடைவேளைக்குப் பின் திறந்ததும் நேராக இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்துக்குப் போக வேண்டும். மத்தேயு என்ற பெயர் கொண்ட ஒரு கர்தினால் விட்டுச்சென்ற பணத்தில், புனித மத்தேயுவின் வாழ்க்கையை வரையச் சொல்லிக் கரவாஜியோவிடம் கொடுத்தார்கள். இடச்சுவரில் அழைப்பு, வலச்சுவரில் கொலை. இரண்டும் 1600-ல் முடிந்தன. நடுவில் தேவதையோடு எழுதும் மத்தேயு, 1602.

அழைப்பு ஓவியம் மூன்றேகால் மீட்டர் உயரம். ஒரு மேசையைச் சுற்றி ஐந்து பேர், கரவாஜியோ காலத்து ரோம் நகர உடையில். தொப்பியில் இறகு செருகிய பையன் ஒருவன். மூக்குக்கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடி காசைப் பார்க்கும் கிழவர் ஒருவர். தலையே நிமிராமல் காசு எண்ணும் இளைஞன் ஒருவன். வலக்கோடியில் கிறிஸ்து நிற்கிறார். அவர் உடலின் பெரும்பகுதியைப் பேதுருவின் முதுகு மறைத்துவிடுகிறது. தெரிவதெல்லாம் முகத்தின் ஒரு கீற்றும் நீட்டிய கையும்தான். அந்தக் கையைக் காலையில் சிஸ்டைனில் பார்த்திருப்போம். படைப்புக் காட்சியில் ஆதாம் நீட்டும், மணிக்கட்டில் தளர்ந்த அதே கை.

ஓவியத்துக்குள் ஒரு ஜன்னல் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து வெளிச்சம் வரவில்லை. வெளிச்சம் வருவது சட்டத்துக்கு வெளியிலிருந்து, வலப்பக்கம் மேலேயிருந்து. அந்தத் திசையில் சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னல், பலிபீடத்துக்கு மேலே, இருக்கிறது. எதிர்ச் சுவரின் கொலைக் காட்சியில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுகிறது. திரும்பிப் பார்த்தால் அதுவும் அதே ஜன்னல்தான். வரி வசூலிக்கும் இருட்டறைக்குள் கிறிஸ்துவோடு சேர்ந்து நுழையும் ஒளி, வெளியே தெருவில் அடிக்கும் பிற்பகல் வெயிலோடு ஒட்டிப்போகும்படி கரவாஜியோ வரைந்துவைத்தார். புத்தகத்தில் அச்சான படத்தில் இதைப் பார்க்க முடியாது.

சிற்றாலயத்தின் ஓரத்தில் ஒரு பெட்டி. நாணயம் போட்டால் கொஞ்ச நேரம் விளக்கு எரிந்து, பட்டென்று அணையும். பிறகு இன்னொருவர் நாணயத்தைத் தேடுவார். விளக்கு எரியும்போது விவரங்கள் தெரிகின்றன: கைகளின் அழுக்கு, வெல்வெட்டின் பளபளப்பு, காசுகள். அது அணைந்த இடைவெளியில்தான் ஓவியம் தன் சொந்த வெளிச்சத்துக்குத் திரும்புகிறது. விளக்கு போனதும் நகர்ந்துவிடாமல், கண் பழகும் வரை இரண்டு நிமிடம் நிற்பது நல்லது.

அடுத்த தெருவில் புனித அகுஸ்தினார் ஆலயத்தில் கரவாஜியோவின் இன்னொரு ஓவியம். வாசற்படியில் குழந்தையோடு நிற்கும் மாதாவின் முன், வயதான ஏழைத் திருப்பயணிகள் இருவர் மண்டியிட்டிருக்கிறார்கள். ஆணின் அழுக்கேறிய உள்ளங்கால்கள் பார்ப்பவரின் முகத்துக்கு நேரே. பலிபீடத்தில் அழுக்குக் காலா என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. நாள் முழுக்க நடந்து வந்து அந்த ஓவியத்தின் முன் நிற்கிறவர்களுக்கு அந்தக் கால்கள் அந்நியமாகத் தெரியாது.

கட்டாத குவிமாடம், பிரிந்த கை

மாலையில் இரண்டு இயேசு சபை ஆலயங்கள். புனித இஞ்ஞாசியார் ஆலயத்தில் கட்டத் திட்டமிட்டிருந்த குவிமாடம் கட்டாமலே நின்றுபோனது. சபையின் சகோதரர் ஆந்திரேயா பொஸ்ஸோ 1685-ல் ஒரு பெரிய துணியில் குவிமாடத்தை வரைந்து அந்த இடத்தில் பொருத்தினார். பிறகு நடுக்கூடத்தின் வளைகூரையையும் திறந்த வானமாக மாற்றினார். தரையில் குறித்திருக்கும் பளிங்கு வட்டத்தில் நின்றால் சுவர்த் தூண்கள் மேலே மேலே எழும்பி வானத்தில் முடியும். விலகி நின்றால் எல்லாம் சாய்ந்து சரியும். கூரையின் மூலையொன்றில் ஒட்டகத்தின்மேல் அமர்ந்திருக்கும் பெண் ஆசியா. கிறிஸ்துவிடமிருந்து புறப்படும் கதிர் இஞ்ஞாசியாரைத் தொட்டு, அங்கிருந்து நான்கு கண்டங்களுக்கும் பிரிந்து போகிறது.

அந்தக் கதிரில் ஒன்று தமிழ்க் கடற்கரைக்கு வந்த கதை, பத்து நிமிட நடைத் தொலைவில் ஜெசு ஆலயத்தில் இருக்கிறது. 1584-ல் நேர்ந்தளித்த இந்த ஆலயமே இயேசு சபையின் தாய் ஆலயம். மாலை ஐந்தரைக்கு இடப்பக்கப் பீடத்தின் முன் கூட்டம் சேரும். இசை ஒலிக்க, பீடத்துப் பெரிய ஓவியம் மெதுவாகக் கீழிறங்கி மறையும். பின்னாலிருந்து இஞ்ஞாசியாரின் சிலை வெளிப்படும். பொஸ்ஸோ வடிவமைத்த பொறி இது. முதலில் இருந்த வெள்ளிச் சிலையை, நெப்போலியனுக்குக் கட்ட வேண்டிய தண்டப் பணத்துக்காகப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உருக்கிவிட்டார்கள். இன்று இருப்பது சுதையில் செய்து வெள்ளி பூசியது.

காட்சி முடிந்ததும் பெரும்பாலோர் வெளியேறிவிடுவார்கள். நேரெதிரே வலப்பக்கப் பீடம் புனித பிரான்சிஸ் சவேரியாருடையது. சீனக் கரையோரத் தீவில் 1552-ல் அவர் இறக்கும் காட்சியைக் கார்லோ மராத்தா அங்கே வரைந்திருக்கிறார். அதன் கீழே பேழைக்குள் அவருடைய வலக்கையின் முன்பகுதி. உடல் கோவாவில் இருக்கிறது. கையை மட்டும் 1614-ல் பிரித்து ரோமுக்குக் கொண்டுவந்தார்கள். 2018-ல் அந்தக் கையைக் கனடாவின் பல நகரங்களுக்கு மக்கள் வணக்கத்துக்காக எடுத்துப் போனபோது, விமானத்தில் அதற்கென்று தனி இருக்கை பதிவானது.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், தமிழும் போர்த்துகீசும் அறிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்து, பரதவர் ஊர்களில் வீதி வீதியாக மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துவிடுவதாக, 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து ரோமிலிருந்த தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். பீடத்தில் இருப்பது அந்தக் கைதான். தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஐந்தரை மணிக் கூட்டம் கலைந்த பிறகு அங்கே போகலாம். ஏழு மணி வரை கதவு திறந்திருக்கும்.